வீட்டுக்கு மட்டும் வேறு கோழி

1

ஊரிலிருந்து ஆளாளுக்குப் போன் போட்டு, "நித்யாவுக்கு என்னாச்சு?" என்று கேட்டீர்கள். "தண்ணி ஒத்துக்கலீங்க, காய்ச்சல்" என்று எல்லோருக்கும் ஒரே பதிலைச் சொல்லி வைத்தேன். காய்ச்சல் வந்தது நிஜம். தண்ணீர்மேல் பழியைத் தூக்கிப் போட்டது நான். இப்போது மகள் எழுந்து நடமாடுகிறாள், ரசத்தில் உப்பில்லை என்று அவள் அம்மாவோடு மல்லுக்கு நிற்கிறாள். இனி பயமில்லை என்று டாக்டரம்மாவும் சொல்லிவிட்டார். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். படித்துவிட்டு யாராவது காறித் துப்பினால் அதுவும் நியாயம்தான்.

நாமக்கல்லில் கோழிப்பண்ணைகளுக்கு மருந்து விற்றுக்கொண்டிருந்த என்னை, அதே வேலைக்கு ஐதராபாத்துக்கு மாற்றி இந்த மாதத்தோடு இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. குகட்பள்ளியில் ஹவுசிங் போர்டு காலனியில் வீடு. காலையில் இரண்டு இட்லியை விழுங்கிவிட்டு வண்டியை எடுத்தால், ஊரைத் தாண்டியதும் நாலா பக்கமும் பண்ணைகள். வந்த புதிதில் எனக்குத் தெரிந்த தெலுங்கு மூன்றே வார்த்தைகள்: கோடி, மந்து, ரேப்பு. கோழி, மருந்து, நாளைக்கு. இந்த மூன்றை வைத்துக்கொண்டே முதல் வருஷம் முழுக்க வியாபாரம் பண்ணினேன். அதை ஊருக்கு வரும்போதெல்லாம் சாமர்த்தியம் மாதிரி சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

நித்யா இங்கேயே பிறந்து இங்கேயே படித்தவள். நான் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். அவள் அம்மா செல்வி தமிழில் திட்டினால், "நக்கோ அம்மா", வேண்டாம்மா, என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். தார்நாகா பக்கம் ஒரு கல்லூரியில் சேர்ந்த பிறகு விடுதிவாசம். சனிக்கிழமை வருவாள், திங்கட்கிழமை காலை போய்விடுவாள். வீட்டில் சாப்பிடுவது அந்த இரண்டு நாள்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

2

என் வேலை என்னவென்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு ஷெட்டுக்குள் பிராய்லர் கோழிகளை இறகு விரிக்க இடமில்லாமல் அடைத்து வைத்திருப்பார்கள். ஒன்று காலையில் தும்மினால் சாயங்காலம் ஷெட்டே தும்மும். அதனால் தும்முவதற்கு முன்பே தண்ணீர்த் தொட்டியில் மருந்தைக் கலந்துவிடுவது. குஞ்சு இறங்கிய அன்றைக்கு ஒன்று. மழை பெய்தால் ஒன்று, வெயில் கொளுத்தினால் ஒன்று. நோய்க்குக் கொடுத்தது கொஞ்சம், பயத்துக்குக் கொடுத்ததுதான் அதிகம். பெரும்பாலும் மனுஷனுக்குக் கொடுக்கிற அதே சாதி மருந்துகள்தான். டப்பாவில் மட்டும் சேவல் படம் இருக்கும்.

கோழியை விற்பதற்கு இத்தனை நாள் முன்னால் மருந்தை நிறுத்திவிட வேண்டும் என்று அந்த டப்பாவிலேயே பொடி எழுத்தில் போட்டிருக்கும். ஒரு பண்ணைக்காரரிடமும் நான் அதைப் படித்துக் காட்டியதில்லை. வியாபாரியின் வண்டி வந்து நின்றால், அன்று காலை மருந்து குடித்த கோழியும் ஏறத்தான் செய்யும். ஏறுவதைப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டே பார்த்திருக்கிறேன்.

இந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பண்ணைக்குப் போனாலும் ஷெட்டுக்குப் பின்னால் கம்பிவலை போட்ட ஒரு சின்னக் கூண்டு இருக்கும். அதில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி. அதற்கு மருந்துத் தண்ணீர் கிடையாது. நாமக்கல்லில் "இது வூட்டுக்கு" என்பார்கள். இங்கே "இவி மனவி" என்பார்கள், இதெல்லாம் நம்முடையது என்று. அப்படியென்றால் அந்தப் பெரிய ஷெட்டில் இருப்பது யாருடையது? யாரோ ஒருவருடையது. ஊரார் வீட்டுப் பிள்ளைகளுடையது. இந்த ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ள எனக்கு இருபத்திரண்டு வருஷம் பிடித்தது.

மல்லேஷ் என்று ஒரு பண்ணைக்காரர். இங்கே எனக்குக் கிடைத்த முதல் வாடிக்கையாளர். பாஷை தெரியாமல் வெயிலில் விழித்துக்கொண்டு நின்ற என்னை வீட்டுக்குள் கூப்பிட்டு மோர் கொடுத்த மனுஷன். வெள்ளிக்கிழமை தோறும் அவர் அந்தக் கூண்டிலிருந்து ஒரு கோழியைப் பிடித்து, துணிப்பையில் போட்டு என் வண்டியில் மாட்டிவிடுவார். "பாப்பாவுக்கு" என்பார். சனிக்கிழமை நித்யா வரும்போது குழம்பு கொதித்துக்கொண்டிருக்கும். "நாங்க கடைக்கறி தொடறதே இல்லீங்க" என்று செல்வி பக்கத்து வீட்டு லட்சுமம்மாவிடம் பெருமை பேசுவாள். லட்சுமம்மா தெருமுனைக் கடையில்தான் வாங்குவார். அந்தக் கடைக்கு எந்தப் பண்ணையிலிருந்து கோழி வருகிறது, அது என்ன குடித்து வளர்ந்தது என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அவருக்கு இரண்டு பேரன்கள். ஒரு நாளும் நான் வாயைத் திறக்கவில்லை.

எங்கள் கம்பெனியின் வருடாந்தரக் கூட்டம் பேகம்பேட்டில் ஒரு ஹோட்டலில் நடக்கும். மத்தியானம் விருந்து. மேசையில் முதல் பாத்திரமே சிக்கன் பிரியாணிதான், வாசனை மூக்கைத் துளைக்கும். நாங்கள் பழைய ஆட்கள் ஒருத்தர் விடாமல் அதைத் தாண்டிப்போய்ப் பன்னீர் வைத்திருக்கிற இடத்தில் வரிசை கட்டுவோம். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்கள் மட்டும் பிரியாணியை அள்ளிப் போட்டுக்கொள்வார்கள். நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக் கண்ணடித்துச் சிரிப்போம். தூ!

3

ஜூன் மாதம் நித்யா விடுதியிலிருந்து கூப்பிட்டாள். "அப்பா, யூரின் போனா பர்ன் ஆகுது." நான் மருந்துக்காரன் ஆயிற்றே, டாக்டர் எதற்கு? "பயப்படாத சாமி. நான் குடுத்த டப்பாவுல நீல அட்டை இருக்கும் பாரு, அதுல காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு போடு" என்றேன். மூன்றாம் நாள் எரிச்சல் போயிற்று. மாத்திரையையும் நிறுத்தச் சொன்னேன். அடுத்த மாதம் மறுபடி வந்தது. மறுபடி அதே அட்டை, அதே மூன்று நாள். காலனியில் யாருக்குச் சளி பிடித்தாலும் என்னிடம்தான் வந்து கேட்பார்கள். அந்த மண்டைக்கனம் எனக்கு.

மூன்றாவது முறை அவளாகக் கூப்பிடவில்லை. அவள் அறைத்தோழி கூப்பிட்டாள். உடம்பு தூக்கிப் போடுகிறது, இடுப்பு வலியில் நிமிர முடியவில்லை, பேச்சு குழறுகிறது என்றாள். நானும் செல்வியும் ஓடினோம். ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு பேகம்பேட்டில் ஓர் ஆஸ்பத்திரிக்கு வந்தோம்.

அங்கே சேர்க்கை கவுண்டரில் ஒரு கூத்து. இன்ஷூரன்ஸ் அட்டையில் "நித்யா எஸ்". ஆதாரில் "எஸ் நித்யா". கம்ப்யூட்டரோ சர்நேம் கேட்கிறது. நமக்கு ஏதம்மா சர்நேம், எஸ் என்றால் அவள் அப்பன் பெயர், அதாவது நான், சண்முகம், என்று தெலுங்கில் விளக்குகிறேன். "இன்டி பேரு செப்பண்டி சார்" என்று கவுண்டரில் இருந்த பெண் வீட்டுப்பெயரிலேயே நிற்கிறாள். பக்கத்தில் சக்கர நாற்காலியில் மகள் பல்லைக் கடித்துக்கொண்டு நடுங்குகிறாள். இருபத்திரண்டு வருஷம் இந்த ஊரில் இருந்தும் ஒரு கட்டத்தை நிரப்ப எனக்குப் பெயர் இல்லை. கடைசியில் செல்விதான், "உங்க இஷ்டத்துக்கு எதையாச்சும் போட்டுக்குங்க தாயே, புள்ளைய உள்ள விடுங்க" என்று தமிழிலேயே கத்தினாள். அது புரிந்துவிட்டது.

அதே படிவத்தில் தகப்பனார் தொழில் என்று ஒரு கட்டம். "சேல்ஸ்" என்று எழுதினேன். என்ன சேல்ஸ் என்று கேட்டாள். "மெடிசின்" என்றேன். "அப்போ நீங்க நம்ம லைன்தான் சார்" என்று சிரித்தாள். அந்த நிலைமையிலும் எனக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. வெட்கக்கேடு.

டாக்டரம்மா வந்து, இதற்கு முன் என்ன மருந்து சாப்பிட்டாள் என்று கேட்டார். சொன்னேன். "யார் எழுதிக் கொடுத்தது?"

"நான்தாங்க."

"நீங்க டாக்டரா?"

"இல்லீங்க. மெடிசின் லைன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

தற்போதைக்கு ஒரு ஊசியை ஆரம்பித்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பி, மூன்றாம் நாள் முடிவு வந்தது. கிருமியை வளர்த்துப் பார்த்து, எந்த மருந்துக்கு அது சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று சொல்கிற தாள். இடது பக்கம் மருந்துப் பெயர்கள். வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. எஸ் என்றால் வேலை செய்யும். ஆர் என்றால் செய்யாது. மேலிருந்து படித்தேன். ஆர், ஆர், ஆர், ஆர். இதில் பாதி என் பையில் இருக்கிற பட்டியல். மல்லேஷ் தொட்டியில் நானே பாக்கெட்டைக் கிழித்துக் கொட்டிய சாமான்கள்.

அடியில் இரண்டு பெயருக்கு மட்டும் எஸ் போட்டிருந்தது. இரண்டும் ஊசியாகத்தான் ஏற்ற வேண்டும். "சிறுநீரகத்துல இருக்கு. ரத்தத்துக்குப் போகாம நிறுத்தணும். முதல்ல இதை ஏத்திப் பார்க்கிறேன்" என்று ஆங்கிலத்தில் சொன்னார் டாக்டரம்மா. "இதுவும் கேக்கலைன்னா, என் கையில பெருசா ஒண்ணும் மிச்சமில்லை." செல்விக்கு ஆங்கிலம் முழுக்கப் புரியாது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்து அவளுக்குப் புரிந்துவிட்டது.

இந்தக் கிருமி எங்கிருந்து வந்திருக்கும் என்று கேட்டேன். சொல்ல முடியாது என்றார். சாப்பாடாக இருக்கலாம், தண்ணீராக இருக்கலாம், யார் கையோ பட்டிருக்கலாம், பாதியில் விட்ட மாத்திரையும் சேர்ந்திருக்கலாம். இன்னதுதான் என்று யாராலும் நிரூபிக்க முடியாது. அதைக் கேட்டதும் எனக்கு அப்பாடா என்று இருந்தது. மகள் உள்ளே கிடக்கிறாள், நான் தப்பித்தேன் என்று மூச்சு விடுகிறேன். என் வாழ்க்கையில் என்னையே நான் அருவருத்த நேரம் அதுதான்.

4

புது ஊசி ஏறத் தொடங்கி இரண்டாம் நாள் காய்ச்சல் கொஞ்சம் விட்டது. நித்யா தலையணையில் சாய்ந்து உட்கார்ந்து, கட்டிலில் கிடந்த அந்தத் தாளை எடுத்துப் படித்தாள். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா, இந்தப் பேரு நா ரஃப் நோட்டு மேல இருந்துச்சு கதா?"

தன் பழைய ரஃப் நோட்டைச் சொல்கிறாள். எங்களுக்குக் கம்பெனியில் மருந்துப் பெயர் அச்சடித்த குறிப்பேடுகள் கட்டுக்கட்டாகக் கொடுப்பார்கள். சின்ன வயதில் அவள் பெருக்கல் வாய்ப்பாடு எழுதியது, பூனை வரைந்தது எல்லாம் அதில்தான். எழுத்துக்கூட்டிப் படிக்கப் பழகியதும் அந்தப் பெயர்களைத்தான்.

"இதுவும். திஸ் ஒன் ஆல்சோ. இதுவும் உன்னோடதுதான்." விரலை வைத்து ஒவ்வொன்றாகக் கீழே வந்தாள்.

"பேசாம படு கண்ணு, மூச்சு வாங்குது பாரு" என்றாள் செல்வி.

"ஒக்க நிமிஷம் அம்மா." என் பக்கம் திரும்பினாள். "அப்போ நம்ம வீட்டுக்கு மட்டும் எதுக்கு வேற கோழி கொண்டுட்டு வந்தே? மீகு தெலுசு கதா?"

உங்களுக்குத் தெரியும்தானே என்று கேட்கிறாள். ஒருமையில் ஆரம்பித்த பிள்ளை, தெலுங்குக்குத் தாவியதும் மரியாதைக்கு மாறிவிட்டது. அந்த மரியாதை எனக்கு என்னவோ செய்தது.

"உனக்காகத்தான் சாமி" என்றேன். வேறென்ன சொல்ல?

"நான் வீக்ல அஞ்சு நாள் ஹாஸ்டல்ல சாப்பிடறேன் அப்பா. புதன்கிழமை சிக்கன் கர்ரி. அங்க யார் கொண்டுட்டு வருவா?"

நான் உரித்த சுளையைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். அவள் வாங்கிக்கொள்ளவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள்.

செல்வி என்னை நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனாள். மூன்று வேளையும் எங்களுக்குச் சாப்பாடு வந்துகொண்டிருந்தது லட்சுமம்மா வீட்டிலிருந்து. பஸ் ஏறி அவரே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவார். அன்றைய தூக்குப்பாத்திரம் பெஞ்சின்மேல் இருந்தது.

"ஏனுங்க, அந்தம்மாகிட்ட இத்தன வருசமா நான் பெருமை பீத்திக்கிட்டுத் திரிஞ்சேனே. நாட்டுக்கோழின்னா ருசி, அதுக்குத்தான் கொண்டாறீங்கன்னுல்ல நெனச்சேன். உள்ள விசயம் இதுன்னு எங்கிட்டயாச்சும் ஒரு வார்த்த சொல்லோணும்னு தோணலியா?"

"சொன்னா வேலை போயிரும் செல்வி."

"எங்கிட்டச் சொன்னா எப்புடிப் போவும்?"

அவள் தூக்குப்பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

நான் அங்கேயே உட்கார்ந்து யோசித்துப் பார்த்தேன். கூண்டுக்கோழி தனி என்று நாங்கள் நம்பியதே பெரிய மடத்தனம். ஷெட்டைக் கழுவுகிற தண்ணீர் அந்தக் கூண்டுக்கு அடியில்தான் ஓடும். கோழி எருவை லாரி லாரியாகக் காய்கறித் தோட்டத்துக்கு வாங்கிப் போகிறார்கள். கோழி தின்ற மருந்தில் ஒரு பங்கு அந்த எருவில் போகிறது. அதைத் தக்காளிக்கும் கீரைக்கும் போட்டு, மழை பெய்தால் அதுவே ஏரியில் இறங்கி, அந்த ஏரியில் எருமை குளித்து, அந்தப் பால் வீட்டுக்கு வருகிறது. மாமிசமே தொடாதவர் வீட்டுக்கும் வருகிறது. ஒரு முழம் கம்பிவலையைக் கட்டிவிட்டு, நாசமாகப் போவது மற்றவர்கள் பாடு, நாம் தப்பித்தோம் என்று இருந்திருக்கிறோம். நிலத்தையும் தண்ணீரையும் கெடுத்தாயிற்று. இதைத் தெரிந்துகொள்ள எந்தப் படிப்பும் வேண்டாம், எரு லாரிக்குப் பின்னால் வண்டியில் போனாலே போதும். நான் அந்த லாரிகளை முந்திக்கொண்டு போனவன்.

ஊசி கேட்டது. பத்து நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். நித்யா என்னோடு பேசுகிறாள், தண்ணீர் கேட்கிறாள், சார்ஜர் எங்கே என்கிறாள். அந்தக் கேள்வியை மறுபடி கேட்கவில்லை. கேட்டுத் திட்டித் தீர்த்தால் தேவலை என்று இருக்கிறது.

5

போன வாரம் வேலைக்குத் திரும்பினேன். முதல் போனே மல்லேஷிடமிருந்து. ஷெட் முழுக்கத் தும்மல், போன முறை கொடுத்த மருந்து பிடிக்கவில்லை, சீக்கிரம் வாருங்கள் என்றார். போனேன். பையில் ஒன்றும் எடுத்துப் போகவில்லை.

அவர் தெலுங்கில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன். வாசலிலேயே கையைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா எப்படி இருக்கு சார்? கோயில்ல தேங்கா உடைக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். என் பொண்டாட்டி ரெண்டு நாள் சோறு திங்கலை." மனுஷனுக்குக் கண் கலங்கிவிட்டது. பொய் கிடையாது. அவர் மடியில் தவழ்ந்த பிள்ளை நித்யா.

திண்டாடித் திணறி எல்லாவற்றையும் சொன்னேன். நாம் கோழிக்குக் கொட்டிய மருந்தெல்லாம் கிருமிக்குப் பழகிப்போய்விட்டது, என் மகளுக்குக் கொடுத்தபோது ஒன்றும் வேலை செய்யவில்லை, கடைசியில் ஒரே ஒரு மருந்துதான் கேட்டது, இத்தனை வருஷம் நான் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது தப்பு என்றேன். கோழியைக் குறைத்து விடுங்கள், காற்று வர விடுங்கள், தரையில் ஈரமான உமியை மாற்றுங்கள், கால்நடை டாக்டர் பார்த்துச் சொல்லாமல் தண்ணீரில் எதையும் கலக்காதீர்கள் என்றேன். இருபத்திரண்டு வருஷத்தில் நான் விற்காமல் பேசிய முதல் பேச்சு.

மல்லேஷ் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார். "பிள்ளைக்கே இப்படி ஆகும்னா அப்புறம் என்ன சார் பொழப்பு" என்றார். எனக்கு மனசு இளகியது. ஒரு ஆளுக்காவது புரிந்ததே என்று நினைத்தேன்.

உள்ளே கோழிகள் தும்மிக்கொண்டே இருந்தன. அவர் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தார், ஷெட்டைப் பார்த்தார். தாடையைச் சொறிந்தார். பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்:

"அது சரி சார். கடைசியில பாப்பாவுக்கு ஒரு மருந்து கேட்டுச்சுன்னு சொன்னீங்களே, அது பேரு என்ன? கோழிக்கும் வருதா?"

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அப்படிக் கேட்க அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.